விற்பவரின் ஊர் எது? அரசுக் கொள்முதல் குறித்த வாசகர் கேள்விகள்

பொருளை விற்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அரசு அலுவலகங்களின் கொள்முதல் முடிவை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது, எந்த அளவுக்குத் தீர்மானிக்கலாம் என்று கேட்டுத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றிலிருந்து எடுத்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*கேள்வி: ஐயா, நான் ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இரும்பு மேசை, பெஞ்சு, அலமாரி செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகம் கோரிய டெண்டரில், பெங்களூரு நிறுவனம் ஒன்றிடம் மிகச் சிறிய விலை வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தேன். நம் பகுதியின் வேலையை நம் பகுதியினருக்குத் தர வேண்டும் என்று விதி எதுவும் இல்லையா?*

மாவட்டத்தின் பெயரால் முன்னுரிமை தரும் விதி எதுவும் இல்லை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளும் ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் அதிகாரிக்கு ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டு, அவற்றின்படி மிகக் குறைந்த விலை எதுவோ அதை அவர் ஏற்க வேண்டும். ‘இவர் நம் ஊர்க்காரர்’ என்பது அப்படி அளக்கக்கூடிய அம்சம் அன்று. ஆனால், ஊர் அருகில் இருப்பதால் விளையும் பலன்கள் பல அளக்கக்கூடியவை. உங்களைப் போன்றவர்கள் கவனம் செலுத்த வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

அவற்றில் முதலாவது, பொருள் வாங்குபவரின் வாசலுக்கு வந்து சேரும் விலை. லாரி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, பொருத்தித் தரும் செலவு அனைத்தையும் உள்ளடக்கிய விலையைத்தான் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மேசைக்குப் பெங்களூரு நிறுவனத்தின் பட்டறை விலை 4,000 ரூபாய், கொண்டுவரும் செலவு 250 ரூபாய் என்றும், உங்கள் விலை 4,100 ரூபாய், கொண்டுவரும் செலவு 120 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பட்டறை விலையில் நீங்கள் 100 ரூபாய் அதிகம். வாசல் விலையில் 30 ரூபாய் குறைவு. டெண்டர் ஆவணம் பட்டறை விலையை மட்டும் கேட்டிருந்தால், டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும். அதே நேரத்தில் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து தர்மபுரி சுமார் 90 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். இரண்டு லாரிகளும் ஒரே தேசிய நெடுஞ்சாலையில்தான் வருகின்றன. அந்த 40 கிலோமீட்டர் தரும் சாதகம் சிறியது. அரூரிலோ பாலக்கோட்டிலோ பட்டறை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் சாதகம் உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, குறு, சிறு நிறுவனம் என்ற தகுதி. ஊரை வைத்துக் கேட்பதைவிட இதை வைத்துக் கேட்பது வலுவானது. மத்திய அரசின் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கொள்கை. முதலில் 20 விழுக்காடாக இருந்த அளவு 2018ஆம் ஆண்டில் 25 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும், பெண்களின் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் உள்ஒதுக்கீடு உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று 100 ரூபாய் என்று குறைந்த விலை கேட்டு, நீங்கள் 115 ரூபாய்க்குள் கேட்டிருந்தால், அந்த 100 ரூபாய்க்கே தர நீங்கள் சம்மதிக்கும்போது கொள்முதலில் ஒரு பகுதி உங்களுக்குக் கிடைக்கும். மாநிலச் சட்டத்திலும், தமிழ்நாட்டுக்குள் உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனங்கள் குறைந்த விலைக்கு ஒத்துவந்தால் அவற்றுக்கு ஒரு பங்கு தர இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லைக்கோடு மாநிலம்தான், மாவட்டம் அன்று என்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சலுகைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவை உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியவை. வேறெங்கோ வாங்கி இங்கே விற்பவருக்கு உரியவை அல்ல. மேலும், மத்திய நிறுவனங்களின் டெண்டரில் உங்களை வென்ற பெங்களூரு நிறுவனமும் சிறு நிறுவனமாக இருந்தால், அதே தகுதி அதற்கும் உண்டு. அப்போது உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்காது. ஆகவே தோற்ற டெண்டரின் மதிப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்கி, வென்றவர் எந்த வகை நிறுவனம் என்பதை முதலில் பாருங்கள்.

*கேள்வி: ‘தார்க்கலவை ஆலை இந்த மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று சாலைப் பணி டெண்டர்களில் நிபந்தனை போடுகிறார்களே, இது வெளியூர் ஒப்பந்ததாரரைத் தடுக்கும் தந்திரம் அல்லவா? (அரூர் வாசகர்)*

இந்த நிபந்தனையில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நியாயம் வெப்பத்தில் இருக்கிறது. நம் சாலைகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 வகைத் தாரைக் கொண்டு செய்யும் கலவை, ஆலையிலிருந்து 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளிவருகிறது. சாலையில் விரிக்கும்போது அது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய லாரியிலும் வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தொப்பூர் கணவாயில் போக்குவரத்து நெரிசலில் லாரி நின்றுவிட்டாலோ, அஞ்செட்டி மலைப்பாதையில் மெல்ல ஏற வேண்டியிருந்தாலோ, குளிர்ந்துபோன கலவையை ரோலரால் சரியாக இறுக்க முடியாது. இறுகாத சாலை அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். கலந்து அனுப்பும் ஆயத்தக் கான்கிரீட்டுக்கும் இப்படியே காலக்கெடு உண்டு. லாரியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் பொதுவான வரம்பு. இத்தகைய பொருள்களில் விற்பவரின் இருப்பிடம் தரத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதை டெண்டரில் கேட்பது கடமை. கேட்காமல் விடுவதே குறை.

அநியாயம், அந்த நிபந்தனையை மாவட்ட எல்லையால் எழுதுவதில் இருக்கிறது. உங்கள் அரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தின் மேற்குக் கோடியான பென்னாகரத்தில் உள்ள ஆலை ‘மாவட்டத்துக்குள்’ என்ற நிபந்தனையை நிறைவேற்றிவிடும். அதைவிட அரூருக்குப் பக்கத்தில், ஊத்தங்கரையில் உள்ள ஆலை, கிருஷ்ணகிரி மாவட்டம் என்ற ஒரே காரணத்தால் தகுதி இழந்துவிடும். இந்த இரண்டு ஊர்களும் 2004ஆம் ஆண்டு பிப்ரவரி வரை ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. அதற்கும் முன், 1965 வரை எல்லாமே சேலம் மாவட்டம். நிர்வாக வசதிக்காக அரசு வரைந்த கோட்டுக்கும் தார் குளிரும் வேகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆகவே ‘பணியிடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள்’ என்றோ, இன்னும் சரியாக, ‘விரிக்கும் இடத்தில் இத்தனை டிகிரி வெப்பம் இருக்க வேண்டும், ஒவ்வொரு லாரியிலும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும்’ என்றோ எழுதுவதே முறை. டெண்டர் போடும் நாளிலேயே ஆலை இருந்தாக வேண்டும் என்று கேட்காமல், பணி ஆணை பெற்றபின் குறிப்பிட்ட நாள்களுக்குள் நிறுவவோ வாடகைக்கு ஏற்பாடு செய்யவோ அவகாசம் தருவதும் அவசியம். இல்லாவிட்டால், ஏற்கெனவே ஆலை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது.

*கேள்வி: எங்கள் பள்ளியின் கணினி, பிரிண்டர்கள் பழுதானால் சரிசெய்ய ஆள் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே கிருஷ்ணகிரியில் கடை வைத்திருப்பவரிடம் மட்டுமே வாங்குவது என்று நிபந்தனை போடலாமா? (பர்கூர் பகுதி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்)*

உங்கள் சிரமம் உண்மையானது. அதற்குத் தீர்வு கேட்பது சரியே. ஆனால் கடையின் முகவரி அந்தத் தீர்வைத் தராது. கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே பெயர்ப்பலகை வைத்திருப்பவரிடம் பழுதுநீக்கும் ஆள் இல்லாமல் போகலாம். சேலத்திலிருந்து வருபவர் மறுநாளே வந்து சரிசெய்து தரலாம்.

மத்திய அரசின் ‘ஜெம்’ இணையச் சந்தையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பழுதான பொருளை எடுத்துச்சென்று சரிசெய்யும் வகை உத்தரவாதம் என்றால், பொருள் பயன்படும் மாநிலத்தில் விற்பவருக்கோ தயாரிப்பாளருக்கோ சேவை மையம் இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை சேர்க்கலாம். டெண்டர் போடும்போது மையம் இல்லாவிட்டாலும், ஆணை கிடைத்த 30 நாள்களுக்குள் திறந்தால் போதும். திறந்ததற்குச் சான்று தந்த பிறகுதான் பணம் விடுவிக்கப்படும். வெளியூர்க்காரரை வாசலிலேயே நிறுத்தாமல், வந்தபின் இங்கே வேரூன்றச் செய்கிறது இந்த ஏற்பாடு. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. நீங்கள் இதனுடன், புகார் பதிந்த 48 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம், பழுது நீளுமானால் மாற்று இயந்திரம் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிடித்தத் தொகை உறைக்கும் அளவுக்கு இருக்கட்டும்.

*கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு பயிரிடுகிறோம். டெண்டர், குறைந்த விலை என்று பேசும் அரசு, எங்கள் கேழ்வரகை மட்டும் எங்களிடமே வாங்குவது எந்த விதியின்படி? அது தொடருமா?*

அது டெண்டர் முறைக்கு வெளியே நிற்கும் கொள்முதல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையங்களைத் திறந்து, மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையில் விவசாயிகளிடமிருந்து வாங்குகிறது. 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்த அந்த விலை 2025-26இல் 4,886 ரூபாயாக உயர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டு மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் அரிசிக் குடும்ப அட்டைதாரர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியபோது, அந்தத் தேவையை நிறைவு செய்யும் இயல்பான களமாக உங்கள் பகுதி அமைந்தது.

இங்கே இருப்பிடத்தை அரசு வெளிப்படையாகவே ஒரு காரணமாக எடுத்துக்கொள்கிறது. அதில் தவறும் இல்லை. விலை முன்பே அறிவிக்கப்பட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால், யாருக்கும் சலுகை காட்டிய குற்றச்சாட்டு எழாது. விளையும் இடத்துக்கும் உண்ணும் இடத்துக்கும் இடையே தூரம் குறைவதால் லாரிச் செலவும் குறைகிறது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகு போடுபவருக்கு உறுதியான வாங்குநர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை பிறப்பது இவை எல்லாவற்றிலும் பெரிது. தொடருமா என்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும் என்பதால், களத்தில் நன்றாகக் காயவைத்த பிறகே கொண்டுசெல்லுங்கள். எல்லைக்கு அப்பால் கர்நாடக வியாபாரி கூடுதல் விலை தரும் ஆண்டில் நிலையத்துக்கு மூட்டை வராமல் போனால், அடுத்த ஆண்டு அந்த நிலையத்தைத் திறக்க அதிகாரிகள் தயங்குவார்கள்.

*கேள்வி: ‘எங்கள் மாநில அரசுத் துறைகளுக்கு ஏற்கெனவே இவ்வளவு தொகைக்குப் பொருள் வழங்கியிருக்க வேண்டும்’ என்று நிபந்தனை போடுவது செல்லுமா? (கிருஷ்ணகிரி வழக்கறிஞர்)*

செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கும் டெண்டரில், கடந்த 3 ஆண்டுகளில் அந்த மாநில அரசின் நிறுவனங்களுக்குக் குறைந்தது 6 கோடி ரூபாய்க்குப் பொருள் வழங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிற மாநிலங்களில் நிறைந்த அனுபவம் உள்ளவர்கள் அதனால் வெளியே தள்ளப்பட்டார்கள். மாவோயிஸ்டு பாதிப்புள்ள மாநிலம் என்பதால் உள்ளூர் நிலவரம் அறிந்தவர்கள் தேவை என்று அரசு வாதிட்டது. விளையாட்டுப் பொருள்கள் பாதுகாப்பு சார்ந்தவை அல்ல, பாதிப்பும் சில மாவட்டங்களில் மட்டுமே என்று கூறி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 14ஆவது கூறு உறுதிசெய்யும் சமத்துவத்தையும், 19(1)(ஜி) தரும் தொழில் உரிமையையும் மேற்கோள் காட்டி, அந்த நிபந்தனையை நீக்கியது.

பொதுப் பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இத்தகைய வேலி கேடுதான். போட்டியில் நான்கு பேர் மட்டுமே இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்றால், இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று முன்பே பேசி முடித்துவிடுவது மிக எளிது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3ஆவது பிரிவில் இத்தகைய கூட்டுச் சதியைத் தடை செய்கிறது. ஆயினும் அதை நிரூபிப்பது கடினம். போட்டியாளர் எண்ணிக்கையை அதிகரிப்பதே சிறந்த காப்பு. ஏற்பு ஆணையால் பாதிக்கப்பட்டவர், ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மிகக் குறுகிய கெடு இது. உங்கள் கட்சிக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

*கேள்வி: கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வாங்கினால் வரி வேறு, ஓசூரில் வாங்கினால் வரி வேறு என்று முன்பு சொல்வார்கள். இப்போதும் அப்படியா? (ஓசூர் வாசகி)*

இல்லை, அம்மா. விற்பனை வரி இருந்த காலத்தில், ஒரே டெண்டரில் தமிழ்நாட்டு விற்பனையாளரும் வெளிமாநில விற்பனையாளரும் இருந்தால், தமிழ்நாட்டு விற்பனை வரியைக் கழித்துவிட்டு விலையை ஒப்பிட வேண்டும் என்று மாநில விதிகளில் இருந்தது. மத்திய விற்பனை வரியை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டு விற்பனை வரி மாநிலத்தின் கருவூலத்துக்கே திரும்பி வருகிறது என்பது அதன் பின்னிருந்த கருத்து. எல்லையோர ஓசூருக்கு அது கணிசமான சாதகமாக இருந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின், ஒரே பொருளுக்கு இருபுறமும் வரி விகிதம் ஒன்றே. இங்கே மத்திய, மாநில வரிகள் இரு பாதியாக விதிக்கப்படுகின்றன. அங்கிருந்து வந்தால் ஒருங்கிணைந்த வரியாக விதிக்கப்படுகிறது. வாங்கும் அலுவலகம் செலுத்தும் மொத்தத் தொகை மாறுவதில்லை.

*கேள்வி: வெளிநாடுகளில் உள்ளூர் விற்பனையாளருக்கு ஒதுக்கீடு உண்டா? (தர்மபுரி கல்லூரி மாணவி)*

ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய ஒப்பந்தங்களுக்கு இல்லை. 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, உறுப்பு நாடுகளின் விற்பனையாளர்களிடையே இருப்பிடத்தால் வேற்றுமை காட்டுவதை அனுமதிப்பதில்லை. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டன், 2020 டிசம்பரில், குறிப்பிட்ட தொகைக்குக் கீழான ஒப்பந்தங்களை ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) எல்லைக்குள் இருக்கும் விற்பனையாளருக்கே ஒதுக்க மத்திய அரசுத் துறைகளுக்கு வழிவிட்டது. சிறு தொகைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைத்ததால், பெரிய ஒப்பந்தங்களின் போட்டி அங்கே பாதிக்கப்படவில்லை. நம் ஊராட்சிகளின் சில்லறைக் கொள்முதலுக்கு இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை மாநில அரசு ஆராயலாம் என்று நான் கருதுகிறேன்.

*கேள்வி: பொருளைக் கொடுத்து ஓராண்டாகிறது, ஒரு வெளிமாநிலப் பொதுத்துறை நிறுவனம் பணம் தரவில்லை. அந்த ஊருக்குப் போய் வழக்குப் போட எனக்கு வசதி இல்லை. (ஓசூர் உதிரிபாகத் தயாரிப்பாளர்)*

நீங்கள் போக வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் இருக்கும் பகுதியின் வசதியாக்க மன்றமே விசாரிக்கலாம். விற்பவரின் ஊர் அவருக்கு முழுமையாகத் துணைநிற்கும் இடம் இது. பலர் இதை அறியாமல் பணத்தைக் கைவிட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பொருளை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தந்திருக்க வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல 3 மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும்.

கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமிட்ட சலான், நினைவூட்டுக் கடிதங்கள் ஆகியவற்றுடன் இதற்கென மத்திய அரசு நடத்தும் இணையதளத்தில் மனுவைப் பதியலாம். குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உங்கள் உதயம் பதிவின் தேதி, அந்த ஆணையின் தேதிக்கு முந்தையதா என்று முதலில் பாருங்கள். பொருள் கொடுத்த பிறகு பதிந்தவர்களுக்கு இந்த உரிமை உண்டா என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. பதிவு பிந்தையதாக இருந்தால், மனுவைப் பதிவதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ ஆவணங்களைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.